மடை யார் கையில்?

2025-ம் ஆண்டு ஜூலை மாதக் கடைசியில் ஒரு செய்தி வந்தது. குஜராத்தில் வாடினார் என்ற இடத்தில் நயாரா எனர்ஜி என்ற கம்பெனிக்கு ஓர் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை இருக்கிறது. வருஷத்துக்கு இரண்டு கோடி டன் கச்சா எண்ணெயைச் சுத்தம் செய்யக்கூடிய ராட்சத ஆலை. அந்தக் கம்பெனியின் சிப்பந்திகள் ஒரு நாள் கம்ப்யூட்டரைத் திறந்தார்கள். கடிதங்கள் திறக்கவில்லை, கூட்டம் பேசும் ஜன்னலும் திறக்கவில்லை. மின்சாரம் இருந்தது, யந்திரம் இருந்தது, பணமும் முன்கூட்டியே கட்டியாகியிருந்தது. ஆனால் கடல் கடந்து இருக்கிற மைக்ரோஸாப்ட் கம்பெனி கதவைச் சாத்திவிட்டது!

காரணம் என்ன? நயாராவின் பங்குகளில் சுமார் 49 சதவிகிதம் ரோஸ்நெப்ட் என்ற ருஷ்யக் கம்பெனியின் கையில் இருக்கிறது. ஜூலை 18-ந் தேதி ஐரோப்பிய யூனியன் நயாரா மீது தடை விதித்தது. தடை விதித்தது ஐரோப்பா. கதவைச் சாத்தியது அமெரிக்கக் கம்பெனி. ஆலை இருப்பதோ இந்தியாவில். இந்திய சர்க்கார் எந்தத் தடையும் விதிக்கவில்லை. ஆனாலும் கதவு சாத்தப்பட்டது. நயாரா டில்லி ஹைகோர்ட்டுக்குப் போயிற்று. எங்கள் சொந்த விவரங்களையே நாங்கள் பார்க்க முடியவில்லை என்று முறையிட்டது. மாதம் முடிவதற்குள் மைக்ரோஸாப்ட் மறுபடியும் கதவைத் திறந்துவிட்டது.

நயாரா முதலாளிகளுக்காக நாம் கண்ணீர் வடிக்கப் போவதில்லை. அவர்களுக்கு வக்கீல் வைக்கப் பணம் உண்டு. ஹைகோர்ட்டுக்கு வழியும் தெரியும். நாம் கேட்பது வேறு. இதே கதி ஒரு கூட்டுறவு சங்கத்துக்கு வந்தால்? ஒரு தாலுகா ஆபீஸுக்கு வந்தால்? ஐம்பது பேர் வேலை செய்யும் ஒரு சிறு பட்டறைக்கு வந்தால்? அவர்கள் எந்த ஹைகோர்ட் படியில் ஏறுவார்கள்?

இதைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் கம்ப்யூட்டர் வேலையில் வந்திருக்கும் ஒரு மாறுதலைப் பற்றிக் கொஞ்சம் விஸ்தாரமாகப் பேச வேண்டும். "இது படித்தவர்கள் விவகாரம், நமக்கென்ன?" என்று தோழர்கள் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். மில் தொழிலாளியின் பிராவிடண்ட் பண்டுக் கணக்கும் இன்று இந்த வழியில்தான் ஓடுகிறது. விவசாயியின் பட்டாவும், பிள்ளையின் ஜாதிச் சான்றிதழும் இதே வழியில்தான் வருகின்றன.

முன்பு என்ன முறை? கடிதம் எழுத, கணக்குப் போட, படம் வரைய, நோட்டீஸ் அச்சுக்கு எழுத்துக் கோக்க, ஒவ்வொன்றுக்கும் ஒரு புரோகிராம் உண்டு. அதைத் தகட்டில் வாங்கி வந்து நம் யந்திரத்துக்குள் ஏற்றுவார்கள். ஒரு முறை ஏற்றிவிட்டால் அது அங்கேயே கிடக்கும். பேஜ்மேக்கர் என்ற புரோகிராமை அச்சகத் தொழிலாளிகள் அறிவார்கள். 2001-க்குப் பிறகு அதற்குப் புதிய பதிப்பு வரவில்லை. செய்தவர்களே அதைக் கைகழுவிவிட்டார்கள். ஆனாலும் பழைய கம்ப்யூட்டரில் அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிற சிறிய அச்சகங்களை நாம் பார்த்திருக்கிறோம். கல்யாணப் பத்திரிகையும் வாயிற்கூட்ட நோட்டீஸும் அதில் தயாராகின்றன. யாரும் வந்து நிறுத்த முடியாது. பழைய தறியானாலும் சொந்தத் தறி!

இப்போது முறை மாறிவிட்டது. புரோகிராம் நம் யந்திரத்தில் இருக்க வேண்டியதில்லை. இன்டர்நெட்டைப் பார்க்க ஒரு ஜன்னல் இருக்கிறதே, பிரவுசர் என்பார்கள், அந்த ஜன்னலுக்குள்ளேயே சகல புரோகிராமும் வந்து நிற்கிறது. பட்டன்கள் அப்படியே இருக்கின்றன, எழுத்துக்கள் அப்படியே இருக்கின்றன. பார்த்தால் மேசைமேல் இருந்த அதே பழைய புரோகிராம்தான். ஆனால் அது ஓடுகிற இடம் வேறு.

இதில் இரண்டு விதம் உண்டு. முதல் விதத்துக்கு சினிமாக் கொட்டகையை நினைத்துக்கொள்ளுங்கள். படச் சுருள் இருப்பது பின்னால் ஆப்பரேட்டர் அறையில். நம் கண்ணுக்கு வருவது திரையில் விழும் வெளிச்சம் மட்டுமே. சுருளை நாம் தொட முடியாது. அதேபோல, புரோகிராம் ஓடுவது எங்கோ இருக்கும் ஒரு பெரிய யந்திரத்தில். நாம் மவுஸை நகர்த்தினால் அந்தச் செய்தி அங்கே போகிறது; அங்கே ஜன்னலில் என்ன மாறிற்றோ அந்த மாற்றத்தின் படம் மட்டும் இங்கே வருகிறது.

இது இன்று நேற்றுப் பிறந்த யோசனையல்ல. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1984-லேயே 'எக்ஸ்' என்ற ஜன்னல் முறையைச் செய்தார்கள். ஒரு யந்திரத்தில் ஓடும் புரோகிராமை இன்னொரு யந்திரத்தின் திரையில் காட்டுவது அது. பிறகு இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரத்து ஆராய்ச்சிக் கூடம் ஒன்றில் வி.என்.சி. என்ற முறை பிறந்தது. 1998-ல் அதை எல்லோருக்கும் சும்மா கொடுத்தார்கள். அந்தக் கூடத்தை அதன் சொந்தக்காரக் கம்பெனி 2002-ல் மூடிவிட்டது. ஆனால் திறந்து கொடுத்த வேலை சாகவில்லை. 2010 வாக்கில் நோ-வி.என்.சி., குவாக்கமோலி என்ற புரோகிராம்கள் வந்தன. இவற்றைக் கொண்டு தூரத்து யந்திரத்தின் முழுத் திரையையும் வெறும் பிரவுசர் ஜன்னலில் பார்க்கலாம். 2011-ல் ஜி.டி.கே. என்ற கருவிப் பெட்டியில் 'பிராட்வே' என்ற வசதியைச் சேர்த்தார்கள். அதன்படி புரோகிராமைத் திருத்தாமலேயே அதன் ஜன்னலை மாத்திரம் பிரவுசருக்குத் திருப்பிவிடலாம். இவையெல்லாம் முதலாளியின் கஜானாவில் பூட்டிக் கிடப்பவையல்ல. யாரும் எடுத்து, பிரித்துப் பார்த்து, உபயோகிக்கக்கூடிய பொதுச் சொத்து. இதைத் தோழர்கள் நினைவில் வைக்க வேண்டும். பின்னால் இதற்கு வருவோம்.

இரண்டாவது விதம் தெருக்கூத்து மாதிரி. கூத்துக் கோஷ்டியே நம் ஊருக்கு வந்துவிடுகிறது. ஊர் நடுவில் கயிறு கட்டிய களத்துக்குள் ஆடுகிறது. கயிறு தாண்டி வீட்டுக்குள் நுழைய அதற்கு அனுமதி இல்லை. ஆட்டம் முடிந்தால் மூட்டை கட்டிப் போய்விடுகிறது. புரோகிராமே பிரவுசருக்குள் வந்திறங்கி, நம் யந்திரத்தின் பலத்திலேயே ஓடுகிறது. வெப்அசெம்பிளி என்ற முறை 2017-ல் நான்கு பெரிய பிரவுசர்களிலும் நிலைபெற்ற பிறகு இது சாதாரணமாகிவிட்டது. படங்களைத் திருத்தும் போட்டோஷாப் எவ்வளவு பிரம்மாண்டமான புரோகிராம் என்பது பிளக்ஸ் போர்டு கடையில் வேலை செய்யும் வாலிபர்களுக்குத் தெரியும். அதுவே 2021-ல் சோதனையாகவும் 2023-ல் முழுமையாகவும் பிரவுசருக்குள் வந்துவிட்டது.

இந்தத் தொழில் முறை கெட்டது என்று நாம் சொல்லவில்லை. ஒரு நாளும் சொல்ல மாட்டோம். விலை குறைந்த யந்திரத்தில் பெரிய வேலை செய்ய முடிகிறது. நூறு யந்திரங்களில் தனித்தனியாக ஏற்றி இறக்கும் அலுப்பு இல்லை. ஓர் இடத்தில் திருத்தினால் எல்லா இடத்திலும் திருந்துகிறது. ஸான் பிரான்ஸிஸ்கோவில் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற லாப நோக்கமற்ற நூல்நிலையம் இருக்கிறது. பழைய கம்ப்யூட்டர்களில் ஓடிய சுமார் 2,400 விளையாட்டுப் புரோகிராம்களை 2015 ஜனவரியில் அது பிரவுசருக்குள் உயிர்ப்பித்துக் காட்டியது. அவற்றைச் செய்த கம்பெனிகளில் பல செத்து மறைந்துவிட்டன, புரோகிராம் பிழைத்துக்கொண்டது. நல்ல காரியம்தானே! கிணறு வெட்டுவதும் பம்பு செட்டு வைப்பதும் கெட்டதா? மடையைத் திறக்கும் மண்வெட்டி யார் கையில் இருக்கிறது என்பதுதான் வழக்கு. சொந்தக் கிணறு இல்லாதவன் பக்கத்துப் பண்ணையாரின் கிணற்றிலிருந்து தண்ணீர் வாங்கிப் பாய்ச்சுகிறான். கதிர் பால் பிடிக்கும் சமயத்தில் பண்ணையார் மடையை அடைத்தால் என்ன ஆகும் என்பதை விவசாயத் தொழிலாளிக்கு நாம் சொல்லித் தர வேண்டியதில்லை.

முதலாளிகளுக்கு இந்த மடையின் மதிப்பு நம்மைவிட முன்பே தெரிந்திருந்தது. 1995-ல் நெட்ஸ்கேப் என்ற கம்பெனியின் பிரவுசர் உலகெங்கும் பரவிக்கொண்டிருந்தது. புரோகிராம்கள் எல்லாம் பிரவுசருக்குள்ளேயே ஓட ஆரம்பித்துவிட்டால் எந்தக் கம்ப்யூட்டராக இருந்தால் என்ன? விண்டோஸ் எதற்கு? இதைக் கண்டு மைக்ரோஸாப்டுக்குக் கிலி பிடித்தது. உடனே தன் சொந்தப் பிரவுசரைக் காசு வாங்காமல் விண்டோஸுடன் சேர்த்துக் கட்டிக் கொடுத்தது. தர்மத்துக்காகக் கொடுக்கவில்லை, எதிரியின் கழுத்தை நெரிக்கக் கொடுத்தது. 1998 மே மாதம் அமெரிக்க சர்க்காரே அதன் மீது ஏகபோக வழக்குத் தொடுத்தது. அதே வருஷக் கடைசியில் நெட்ஸ்கேப் வேறு கம்பெனிக்கு விலைபோயிற்று. மைக்ரோஸாப்டை இரண்டாகப் பிளக்க வேண்டும் என்று 2000 ஜூனில் கீழ்க்கோர்ட் தீர்ப்பளித்தது. 2001-ல் மேல்கோர்ட் அந்தப் பிளவு உத்தரவை ரத்து செய்தது; பிறகு சமரசம். கோர்ட்டில் அந்த நாடகம் அப்படி முடிந்தது.

வேடிக்கை என்னவென்றால், விண்டோஸின் ஏகபோகத்துக்கு எமனாக வரும் என்று அன்று பயந்த அதே பிரவுசரை, இன்று அதே மைக்ரோஸாப்ட் தன் வாடகை வசூல் வாசலாக ஆக்கிக்கொண்டிருக்கிறது. 2021-ல் அது ஒரு புதுச் சரக்கைக் கொண்டு வந்தது. முழுக் கம்ப்யூட்டரையும் தன் கிடங்கில் வைத்துக்கொண்டு, பிரவுசர் வழியாக மாத வாடகைக்குக் காட்டுகிற சரக்கு! யந்திரமும் அவனுடையது, புரோகிராமும் அவனுடையது, நாம் எழுதிய கடிதமும் அவன் கிடங்கில். நமக்கு மிச்சம் ஜன்னல் மட்டும்.

விலைக்கு விற்பதை நிறுத்திவிட்டு வாடகைக்கு விடுவது ஏன்? விற்றால் ஒரு முறை லாபம்; வாடகை என்றால் மாதா மாதம் லாபம். போட்டோஷாப்பைச் செய்யும் அடோபி கம்பெனி 2013-ல் இனிமேல் சந்தா முறைதான் என்று அறிவித்தது. போட்டோஷாப் பிரவுசருக்குள் வருவதற்கு முன்பே ஆரம்பித்த கொள்ளை இது; பிரவுசர் அதற்கு ரஸ்தா போட்டுக் கொடுத்தது. அதன் விளைவை வெனிசுவேலா ஜனங்கள் பார்த்தார்கள். 2019 அக்டோபரில் அமெரிக்க ஜனாதிபதியின் தடை உத்தரவைக் காட்டி, வெனிசுவேலாவில் உள்ள எல்லாச் சந்தாதாரர்களின் கணக்கையும் மூடப் போவதாக அடோபி அறிவித்தது. படம் வரைந்து பிழைக்கும் எளிய தொழிலாளிகள் அமெரிக்க சர்க்காருக்கு என்ன துரோகம் செய்தார்கள்? எதிர்ப்புக் கிளம்பியது. அமெரிக்க சர்க்காரிடம் தனி அனுமதி வாங்கி, அந்த மாதமே அடோபி பின்வாங்கியது. பின்வாங்கியது நல்லது. ஆனால் ஒரு தேசத்துத் தொழிலாளிகளின் கருவிகளை ஒரே உத்தரவில் பிடுங்க முடியும் என்பது நிரூபணமாகிவிட்டது. தகட்டில் வாங்கிப் பெட்டியில் வைத்திருந்த கருவியை அப்படிப் பிடுங்க முடியுமா?

பிடுங்க வேண்டும் என்று யாரும் நினைக்காவிட்டாலும் கெடுதி வரலாம். 2025 அக்டோபர் 20-ந் தேதி அமேசான் கம்பெனியின் வர்ஜீனியா யந்திரக் கிடங்கில் ஒரு கோளாறு ஏற்பட்டது. பல நாடுகளில் வங்கிகளும் கடைகளும் பள்ளிக்கூடங்களும் பல மணி நேரம் தடுமாறின. யாரும் சதி செய்யவில்லை. ஆனால் எல்லோரும் ஒரே கிணற்றை நம்பியிருந்தார்கள்.

இனி வேலை செய்கிறவன் பக்கம் வருவோம். 2020-ல் கொரோனா ஊரடங்கு வந்தபோது, லட்சக்கணக்கான ஆபீஸ் சிப்பந்திகள் வீட்டிலிருந்தே கம்பெனியின் தூரத்துக் கம்ப்யூட்டரை ஜன்னல் வழியாகப் பார்த்து வேலை செய்தார்கள். நம் சிறு நகரங்களில்கூட இன்று ஆயிரக்கணக்கான பெண்களும் வாலிபர்களும் பிரவுசருக்கு முன்னால் உட்கார்ந்து, படங்களுக்குக் குறி போடுவதும் கணக்குச் சரிபார்ப்பதுமாக வேலை செய்கிறார்கள். வீட்டில் இருக்கிறார்கள், வசதிதானே என்று தோன்றும். ஆனால் அந்த முறையின் லட்சணத்தைப் பாருங்கள். தொழிலாளி அழுத்துகிற ஒவ்வொரு எழுத்தும், மவுஸின் ஒவ்வொரு அசைவும் முதலாளியின் யந்திரத்துக்குப் போய்த்தான் திரும்ப வேண்டும். வேறு வழியே இல்லை. ஆகவே எத்தனை எழுத்து, எத்தனை நிமிஷம் சும்மா இருந்தான் என்று எண்ணுவது அவனுக்குச் சுலபம். மேஸ்திரி முதுகுக்குப் பின்னால் நிற்பது மில் தொழிலாளிக்குத் தெரியும். திரும்பிப் பார்த்தால் முகம் தெரியும். இந்த மேஸ்திரிக்கு முகமில்லை. வேலையை விட்டு நீக்குவதும் அப்படியே. கேட்டில் நிறுத்தி நோட்டீஸ் கொடுக்க வேண்டாம். காலையில் ஜன்னல் திறக்காது, அவ்வளவுதான். தான் செய்த வேலைக்கு அத்தாட்சியாக ஒரு துண்டுக் காகிதம்கூட அவன் கையில் இராது. சம்பளப் பாக்கி கேட்டு லேபர் ஆபீஸுக்குப் போனால் எதைக் காட்டுவான்?

அப்படியானால் என்ன செய்வது? அந்நியக் கம்பெனியை விட்டுச் சுதேசிக் கம்பெனிக்கு மாறிவிட்டால் போதும் என்று டில்லியில் இப்போது பேசுகிறார்கள். 2025 அக்டோபரில் மத்திய கல்வி இலாகா, ஸோகோ கம்பெனியின் பிரவுசர் புரோகிராம்களில்தான் கடிதமும் கணக்கும் எழுத வேண்டும் என்று தன் ஆபீஸர்களுக்கு உத்தரவிட்டது. ஸோகோவை நாம் குறைத்துப் பேசவில்லை. 2005 முதலே பிரவுசரில் எழுதும் புரோகிராமைச் செய்து வருகிறவர்கள். நம் தென்காசிச் சீமைப் பிள்ளைகளின் மூளையும் உழைப்பும் அதில் இருக்கிறது. வெளிநாட்டான் தடையால் கதவு சாத்தப்படும் ஆபத்து குறையும் என்பதும் மெய். ஆனால் சுதேசி முதலாளியும் முதலாளிதானே? சர்க்காரின் கடிதங்கள் ஒரு தனியார் கம்பெனியின் கிணற்றை நம்பியிருக்கும் நிலைமை அதனால் மாறிவிட்டதா? வெள்ளைக்காரன் மில்லில் வாங்கிய அடியும் நம்மூர் முதலாளி மில்லில் வாங்கிய அடியும் ஒரே மாதிரிதான் வலித்தது!

வேறு வழி உண்டு. அது கனவல்ல, நடந்திருக்கிற காரியம். பக்கத்துக் கேரளத்தைப் பாருங்கள். அங்கே சர்க்கார் பள்ளிக்கூடங்களில் பொதுச் சொத்தான லினக்ஸ் புரோகிராம்களை, சர்க்காரின் 'கைட்' என்ற ஸ்தாபனமே மலையாளத்தில் திருத்தி ஏற்றிக் கொடுத்தது. ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் கொடுத்தது. சுமார் இரண்டு லட்சம் கம்ப்யூட்டர்களில் இதனால் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று 2019-ல் அந்த ஸ்தாபனம் கணக்குச் சொல்லியது. ஜெர்மனியில் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாகாண சர்க்கார், தன் 30,000 ஆபீஸ் யந்திரங்களையும் மைக்ரோஸாப்டிலிருந்து லிப்ரே ஆபீஸுக்கு மாற்ற 2024 ஏப்ரலில் முடிவு செய்தது. அந்த மாகாணம் முதலாளித்துவ ஆட்சியில் இருப்பதுதான். அவர்களுக்கே மடையைப் பற்றிக் கவலை வந்துவிட்டது.

பிரவுசர் வசதியை இழக்க வேண்டுமா? வேண்டாம். லிப்ரே ஆபீஸையே ஒரு பொது யந்திரத்தில் ஓடவிட்டு, பக்கத்தைத் துண்டு துண்டாகப் படமாக்கிப் பிரவுசருக்கு அனுப்பும் கொலாபரா என்ற புரோகிராம் இருக்கிறது. குவாக்கமோலியும் பிராட்வேயும் இருக்கின்றன என்று முன்பே சொன்னோம். ஜில்லாத் தலைநகரில் சர்க்காரின் சொந்த யந்திரத்தில் இவற்றை ஓடவிட்டால், தாலுகா ஆபீஸில் பழைய கம்ப்யூட்டரே போதும். கிணறு ஊர்ப் பொதுவில் இருக்கும். மடை ஊராரின் கையில் இருக்கும்.

பொதுச் சொத்து என்றாலும் ஒரு சந்து உண்டு. "புரோகிராமை வாங்குகிறவனுக்கு அதன் மூலத்தையும் கொடுக்க வேண்டும்" என்பது பொதுப் புரோகிராம்களில் பலவற்றுக்குள்ள சட்டம். பிரவுசர் முறையில் முதலாளி என்ன சொல்கிறான்? "நான் புரோகிராமை யாருக்கும் கொடுக்கவில்லையே! என் யந்திரத்தில் ஓடுகிறது. நீ பார்க்கிறாய், அவ்வளவுதானே!" பொதுப் புரோகிராமை எடுத்து, தன் திருத்தங்களைச் சேர்த்து, மூலத்தை மறைத்து, வாடகை வசூல் செய்யலாம். புறம்போக்கு நிலத்தை வளைத்து வேலி போடுவது போலத்தான். இந்தச் சந்தை அடைப்பதற்காகவே 2007-ல் அபிரோ ஜி.பி.எல். என்ற உரிமப் பத்திரம் எழுதப்பட்டது. ஜன்னல் வழியாக உபயோகிக்கிறவனுக்கும் மூலத்தைக் கேட்க உரிமை உண்டு என்கிறது அது. பெரிய கம்பெனிகள் பல அதைக் கண்டாலே முகம் சுளிக்கின்றன. அவர்கள் முகம் சுளிப்பதே அதற்கு நற்சாட்சி.

சர்க்காரிடம் நாம் கேட்பது அதிகமில்லை. பொதுப் பணத்தில் வாடகைக்கு எடுக்கும் எந்தப் புரோகிராமிலும், எழுதியவை அனைத்தையும் பொதுவான வடிவத்தில் வெளியே எடுத்துக்கொள்ள உரிமை வேண்டும். சந்தா நின்றாலும், தடை வந்தாலும், கம்பெனி மூழ்கினாலும் அந்த உரிமை நிற்க வேண்டும். அந்த ஷரத்து இல்லாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடக் கூடாது. ஜன்னலில் வேலை செய்யும் தொழிலாளியைக் கண்காணிக்க என்னென்ன எண்ணப்படுகிறது என்பதை அவனுக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். அவன் செய்த வேலையின் கணக்கு மாதா மாதம் அவன் கைக்கு வர வேண்டும். தொழிற்சங்கங்கள் அடுத்த ஒப்பந்தப் பேச்சிலேயே இதைக் கோரிக்கையாக வைக்கலாம். தறிக்கு உபரி வேலை என்று எத்தனையோ தடவை பேரம் பேசி ஜெயித்திருக்கிறோம். இந்தப் பேரமும் நமக்குப் புதிதல்ல.

சட்டம் வருகிறவரை காத்திருக்க வேண்டாம். பி.எப். பாஸ்புக்கைப் பிரவுசரிலிருந்து இறக்கிக்கொள்ளலாம். பட்டா நகலும் அப்படியே. இ-சேவை மையத்துக்குப் போகும்போது, விண்ணப்ப எண்ணைச் சீட்டில் எழுதி வாங்குவதோடு நிற்காமல், வந்த தாளை அச்சடித்து வாங்கி, ரேஷன் கார்டு வைத்திருக்கும் அதே பெட்டியில் வையுங்கள். படிக்கத் தெரியாத பக்கத்து வீட்டாருக்கும் வாங்கிக் கொடுங்கள்.